கண்வளரும் தொட்டில்: பாதுகாப்பாகத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்குகிறது. மடியிலும் தோளிலும் இருக்கும் நேரத்தில் அதற்குக் காவலாக ஆள் உண்டு. தூங்கும் நேரத்தில்தான் தாயும் சற்றுக் கண்ணயர்கிறாள், வீடும் அடங்குகிறது. நள்ளிரவில் குழந்தையின் முகத்தில் துணி விழுந்தாலோ, கால் கம்பிக்கு வெளியே நழுவினாலோ உடனே பார்த்துச் சரிசெய்ய எவரும் விழித்திருப்பதில்லை. அந்த நேரத்தில் காவல் பொறுப்பு படுக்கையின் மேல் விழுகிறது. பெரியவர்கள் அசந்து தூங்கினாலும் குழந்தைக்கு ஆபத்து நேராதபடி அமைந்த படுக்கைதான் பாதுகாப்பான தொட்டில்.

இன்று கடைகளில் தொட்டில்களுக்குக் குறைவில்லை. நான்கு பக்கமும் தடுப்புக் கம்பி வைத்த மரத் தொட்டில், மடக்கி எடுத்துச் செல்லும் வலைத் தொட்டில், இரும்புச் சட்டத்தில் ஸ்பிரிங் மாட்டித் தொங்கவிடும் துணித் தொட்டில், பட்டனை அழுத்தினால் தானே ஆடும் மின் தொட்டில் எனப் பல வகை. இவற்றோடு, அம்மாவின் பழைய புடவையில் கட்டும் தூளியும் வீடுகளில் இருந்துகொண்டே இருக்கிறது. வாங்குபவர்களின் கண் முதலில் நிறத்திலும் வேலைப்பாட்டிலும் விலையிலும்தான் போகிறது. பாதுகாப்பைத் தீர்மானிப்பவை வேறு: படுக்கும் தளம் சமமாகவும் கெட்டியாகவும் இருக்கிறதா, கம்பிகளின் இடைவெளி எவ்வளவு, மூட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, உள்ளே என்னென்ன கிடக்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் இன்று திட்டமான அளவுகள் உண்டு. அந்த அளவுகளில் பலவும் தொட்டிலில் உயிரிழந்த குழந்தைகளின் மரணங்களை ஆராய்ந்த பிறகு வகுக்கப்பட்டவை. அதனால்தான் அவற்றை அலட்சியப்படுத்தக் கூடாது.

குழந்தையின் உடலமைப்பு

பிறந்த குழந்தையின் தலை, அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு. பின்மண்டை புடைத்திருக்கும், கீழ்த்தாடை சிறியதாக இருக்கும், மூச்சுக்குழாய் இளசாக இருக்கும். கழுத்து நிற்க மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். இந்தப் பருவத்தில் முகவாய் நெஞ்சில் படியும்படி தலை முன்னால் சாய்ந்தால் மூச்சுப் பாதை மடிந்து குறுகிவிடும். பெரியவர்கள் தூக்கத்திலேயே தலையை நிமிர்த்திக்கொள்வார்கள். கழுத்து நிற்காத குழந்தையால் அது முடியாது. அழுது கூப்பிடவும் முடியாது, அழுவதற்கே காற்று வேண்டும்.

இரண்டாவது ஆபத்து, மென்மையான பொருளில் முகம் புதைவது. தலையணையிலோ பஞ்சு மெத்தையிலோ மூக்கும் வாயும் அழுந்தினால், குழந்தை வெளியே விட்ட காற்றையே திரும்பத் திரும்ப உள்ளிழுக்க நேர்கிறது. அந்தக் காற்றில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடிக்கொண்டே போகும்.

மூன்றாவது, உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்வது. சின்னக் குழந்தையின் இடுப்பு அதன் தலையைவிடச் சிறியது. கம்பி இடைவெளியிலோ, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவிலோ உடல் வழுக்கிப் போனால் தலை மட்டும் மேலே நின்று கழுத்து இறுகும். தொட்டில் சம்பந்தமான விதிகளில் பெரும்பாலானவை இந்த மூன்று ஆபத்துகளையும் தடுப்பதற்காகவே உள்ளன.

மல்லாந்து படுக்கவைப்பது ஏன்?

எவ்வளவு நல்ல தொட்டில் வாங்கினாலும் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தால் பயனில்லை. இதை மருத்துவ உலகம் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதி உலகெங்கும் விற்ற குழந்தை வளர்ப்பு நூல், 1950களின் பதிப்பிலிருந்து குப்புறப் படுக்கவைப்பதையே பரிந்துரைத்தது. மல்லாந்து படுத்த குழந்தை வாந்தியெடுத்தால் அது புரையேறி மூச்சடைத்துவிடும் என்பது அன்றைய அச்சம். மேலை நாடுகளில் ஒரு தலைமுறையே அப்படித் தூங்கியது. நன்றாக இருந்த குழந்தைகள் காரணம் தெரியாமல் தொட்டிலில் இறந்துகிடந்தன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இப்படி இறந்து, பிரேதப் பரிசோதனையும் முழு விசாரணையும் நடத்திய பின்னும் காரணம் பிடிபடாவிட்டால் அதைத் திடீர் சிசு மரணம் என்கிறார்கள். இரண்டாவது மாதத்துக்கும் நான்காவது மாதத்துக்கும் இடையில்தான் இது அதிகம் நேர்கிறது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரைச் சேர்ந்த மருத்துவர் சூசன் பீல், இப்படிக் குழந்தையை இழந்த வீடுகளுக்கு நேரில் சென்று விசாரித்துத் தகவல் சேர்த்தார். நியூஸிலாந்தில் 1987 முதல் 1990 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பீட்டர் ஃபிளெமிங் குழுவும் ஆராய்ந்தது. எல்லாமே குப்புறப் படுப்பதையே சுட்டின. பிரிட்டன் 1991இலும் அமெரிக்கா 1994இலும் மல்லாந்து படுக்கவைக்கும்படி பெற்றோரிடம் இயக்கமாகவே பிரசாரம் செய்தன. அமெரிக்காவில் திடீர் சிசு மரண விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. 1970க்குள் கிடைத்திருந்த சான்றுகளை அப்போதே தொகுத்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

புரையேறும் என்ற அச்சம் தமிழ் வீடுகளிலும் உண்டு. உடலமைப்பைப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கிறது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் அமைகின்றன. கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகிறது. உணவுக்குழாயிலிருந்து வரும் பால் மூச்சுக்குழாயின் வாயருகே எளிதில் தேங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைப்பதும் சரியல்ல, குழந்தை அங்கிருந்து எளிதாகக் குப்புற உருண்டுவிடும். இரு பக்கமும் தானாகவே புரளப் பழகிய குழந்தையைத் தூக்கத்தின் நடுவே திருப்பிப் போட வேண்டியதில்லை. படுக்கவைக்கும்போது மல்லாந்து வைத்தால் போதும்.

கம்பி இடைவெளி: 6 செ.மீ.

அமெரிக்கா 1973இல் தொட்டில்களுக்கு முதல் தேசிய விதியைக் கொண்டுவந்தது. அடுத்தடுத்த தடுப்புக் கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது அதன் முக்கியப் பிரிவு. சின்னக் குழந்தையின் இடுப்பு நுழைய முடியாத அளவு எது என்று பார்த்து முடிவு செய்யப்பட்ட எண் இது. ஐரோப்பிய விதி 4.5 முதல் 6.5 செ.மீ. வரை அனுமதிக்கிறது. கீழ் வரம்பும் அதில் இருப்பதற்குக் காரணம், மிகக் குறுகிய இடைவெளியில் குழந்தையின் கை கால் சிக்கிக்கொள்ளலாம் என்பதே.

அளவுகோல் இல்லாமல் சோதிக்கவும் வழி உண்டு. சாதாரணக் குளிர்பானத் தகர டப்பா ஒன்றைக் கம்பிகளுக்கு நடுவே நுழைத்துப் பார்க்கலாம். டப்பா உள்ளே போனால் அந்தத் தொட்டில் வேண்டாம். ஓர் இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. கம்பி தளர்ந்திருந்தால் கையால் தள்ளும்போது இடைவெளி விரியும். ஆகவே ஒவ்வொரு கம்பியையும் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கம்பி விழுந்துபோன தொட்டிலில் மிச்சக் கம்பிகள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயனில்லை.

நான்கு மூலைகளிலும் நிற்கும் கால்களின் தலைப்பகுதியையும் கவனிக்க வேண்டும். கடைசல் வேலைப்பாட்டில் குமிழோ கலசமோ வைத்த கால்கள் பார்க்க அழகானவை. எழுந்து நிற்கப் பழகும் குழந்தையின் சட்டைக் கழுத்தோ, கழுத்தில் கட்டிய கயிறோ அந்தக் குமிழில் மாட்டிக்கொண்டால், கால் வழுக்கும் கணத்தில் குழந்தை தொங்கிவிடும். மூலைக்கால் விளிம்புச் சட்டத்தைவிட 1.5 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கக் கூடாது என்பது அமெரிக்க அளவு. கையால் தடவினால் கிட்டத்தட்ட சமமாகவே தெரிய வேண்டும். தலைமாட்டுப் பலகையிலும் கால்மாட்டுப் பலகையிலும் பூவாகவும் இலையாகவும் குடைந்த பெரிய துளைகள் இருந்தால் தலை மாட்டும் அபாயம் உண்டு.

இறங்கும் பக்கமும் மடியும் சட்டமும்

ஒரு பக்கத் தடுப்பைக் கீழே இறக்கிவிட்டுக் குழந்தையைத் தூக்கும்படி செய்யப்பட்ட தொட்டில்கள் பல பத்தாண்டுகள் உலகெங்கும் விற்றன. குனிய வேண்டியதில்லை என்ற வசதிக்காகவே தாய்மார்கள் அவற்றை விரும்பினார்கள். அந்தப் பக்கம் ஏறி இறங்குவதற்கான தடமும் கொக்கியும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை. நாள்பட்டு அவை தேய்ந்தன, விரிந்தன, உடைந்தன. தொட்டிலை வீட்டில் தவறாகப் பூட்டியதும் உண்டு. ஒரு மூலையில் தடுப்பு கழன்றதும் மெத்தைக்கும் அதற்கும் இடையே மேலே அகன்று கீழே குறுகும் ஒரு சந்து விழும். உருண்டு வந்த குழந்தை அதற்குள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். 2000ஆம் ஆண்டு முதல் இறங்கு பக்கத் தொட்டில்களில் குறைந்தது 32 குழந்தைகள் இறந்ததாக அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கெடுத்தது. 2010 டிசம்பரில் ஆணையம் ஒருமனதாகப் புதிய விதிகளுக்கு வாக்களித்தது. 2011 ஜூன் 28 முதல் அவ்வகைத் தொட்டிலைத் தயாரிப்பதும் விற்பதும் அங்கே தடை செய்யப்பட்டன.

மடக்கு தொட்டிலின் கதையும் இதைப் போன்றதே. 1998 மே மாதம் சிகாகோவில், டேனி கெய்சர் என்ற ஒன்றரை வயதுகூட நிரம்பாத குழந்தை, பராமரிப்பாளர் வீட்டில் மதியத் தூக்கத்துக்காக மடக்கு தொட்டிலில் படுக்கவைக்கப்பட்டான். தொட்டிலின் மேல்சட்டம் நடுவில் மடிந்து இறங்கி அவன் கழுத்தை நெரித்தது. அந்தத் தொட்டில் ஆபத்தானது என்று ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1993இல், சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டிருந்தது. அதை வைத்திருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. பெற்றோர் இருவரும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். தங்கள் மகனுக்கு நேர்ந்தது வேறு குழந்தைக்கு நேரக்கூடாது என்று ஓர் அமைப்பைத் தொடங்கிப் போராடினார்கள். 2008இல் இயற்றப்பட்ட நுகர்வோர் பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் ஒரு பிரிவுக்கு டேனியின் பெயர் சூட்டப்பட்டது. தொட்டில் போன்ற பொருள்களோடு பதிவு அட்டை தர வேண்டும், குறை தெரிந்தால் வாங்கியவருக்கு நேரடியாகத் தெரிவிக்க வேண்டும் என்று அது உற்பத்தியாளர்களுக்குக் கட்டளையிடுகிறது.

வாங்குபவர்களுக்கு இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. நான்கு பக்கமும் அசையாமல் நிற்கும் தொட்டிலே நல்லது. மடக்கு தொட்டில்தான் வேண்டுமென்றால், விரித்ததும் சட்டத்தின் பூட்டு விழுந்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் மேல்சட்டத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். தொட்டிலின் மாடல் எண்ணும் தயாரிப்புத் தேதியும் உள்ள சீட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தால், பின்னாளில் குறை வெளிவரும்போது தம் வீட்டுத் தொட்டில் அதில் சேர்ந்ததா என்று கண்டுகொள்ளலாம்.

மெத்தை: கெட்டியாக, சமமாக, இறுக்கமாக

குழந்தைக்கு மெத்தென்று இருக்க வேண்டும் என்று இலவம்பஞ்சு மெத்தை தைத்துப் போடுவது வழக்கம். பாசத்தில் செய்யும் இந்தக் காரியம் ஆபத்தாகிவிடலாம். குழந்தையின் மெத்தை, பெரியவர் கையால் தொட்டால் “இவ்வளவு கெட்டியா?” என்று தோன்றும் அளவுக்கு இருக்க வேண்டும். உள்ளங்கையை அழுத்தி எடுத்ததும் குழி நிற்காமல் உடனே மேலெழ வேண்டும். குழந்தையைப் படுக்கவைத்துத் தூக்கிய பிறகு தலை இருந்த இடத்தில் பள்ளம் தெரிந்தால் அந்த மெத்தை உதவாது.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரான் சோமர்ஸ் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையை வகுத்தார். 12 குறுந்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மெத்தையில், குழந்தையின் தலை வரும் இடத்தில் வைக்க வேண்டும். அதன்மேல் ஒரு லிட்டர் பால் அட்டைப்பெட்டிகள் இரண்டை, பிரிக்காமல், ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கைவாட்டில் வைக்க வேண்டும். பெட்டிகளின் ஒரு முனை தகடுகளைத் தாண்டி 4 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீட்டிய முனை மெத்தையைத் தொட்டால் மெத்தை மிகவும் மென்மையானது என்று பொருள்.

மெத்தை தொட்டிலின் உள்ளளவுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். மெத்தையின் ஓரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு விரல்களுக்கு மேல் நுழையக் கூடாது. மெத்தை பெரிதாகி மடங்கி நிற்பதும் தவறு, சிறிதாகிச் சந்து விடுவதும் தவறு. அந்தச் சந்தில் துணியைச் சுருட்டி அடைப்பது இன்னும் மோசம். மெத்தையின் தடிமன் 15 செ.மீ.யைத் தாண்டினால் பக்கத் தடுப்பின் உயரம் அந்த அளவுக்குக் குறைந்துபோகும். விரிப்பு, மூலைகளில் எலாஸ்டிக் வைத்து மெத்தையைச் சுற்றி இறுகப் பிடிப்பதாக இருக்க வேண்டும். ரப்பர் விரிப்பு போடுகிறவர்கள் அதைத் துணி விரிப்புக்கு அடியில் சுருக்கமில்லாமல் போட வேண்டும். மெத்தை வந்த பிளாஸ்டிக் உறையை அழுக்குப் படாமலிருக்க அப்படியே விட்டுவைக்கக் கூடாது. அது முகத்தில் ஒட்டினால் மூச்சை அடைத்துவிடும்.

தொட்டிலுக்குள் குழந்தை மட்டும்

புதிய தொட்டிலை வாங்கியதும் அதை அலங்கரிக்கும் ஆசை வருவது இயல்பு. சுற்றிலும் பஞ்சு வைத்த தடுப்புத் துணி, தலையணை, அணைத்துக்கொள்ள உருளைத் தலையணை, ரஜாய், பொம்மைகள் என ஒரு செட்டாகவே கடையில் கிடைக்கிறது. குழந்தை தூங்கும்போது இவற்றில் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரை. கம்பியில் தலை இடிக்காமலிருக்க வைக்கும் பஞ்சுத் தடுப்பில் முகம் அழுந்தியும் அதன் நாடா கழுத்தில் சுற்றியும் குழந்தைகள் இறந்திருக்கின்றன. கம்பியில் இடித்துக்கொள்ளும் குழந்தைக்குச் சிறு வீக்கம் வரலாம், உயிருக்கு ஆபத்து வராது.

அமெரிக்காவில் 2022 மே மாதம் கையெழுத்தான சட்டம், பஞ்சுத் தடுப்புகளையும், தூங்குவதற்கென விற்கப்படும் 10 டிகிரிக்கு மேல் சாய்வான படுக்கைகளையும் தடை செய்தது. அதற்கு முன்பே, 2019 ஏப்ரலில், புகழ்பெற்ற ஒரு சாய்வுப் படுக்கை 47 லட்சம் எண்ணிக்கையில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டிருந்தது. பார்க்கச் சுகமாகத் தோன்றும் அந்தச் சாய்வில் குழந்தையின் தலை முன்னால் விழுந்து முகவாய் நெஞ்சில் படிந்துவிடுகிறது. புரள்வதும் சமதளத்தைவிட அங்கே எளிதாகிவிடுகிறது.

தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணைக்கும் இதே விதிதான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்தத் தலையணையும் தேவையில்லை. மல்லாந்து படுப்பதால் பின்தலை தட்டையாகும் என்ற கவலைக்கு வேறு வழி இருக்கிறது: குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர் அருகில் இருக்க, பாயில் சிறிது நேரம் குப்புறப் போட்டு விளையாடவிடுவது. அது கழுத்துக்கும் தோளுக்கும் வலுவும் தரும்.

போர்வைக்குப் பதிலாக வெப்பத்துக்கு ஏற்ற உடை போதும். தமிழகத்தின் வெயில் காலத்தில் ஒற்றைப் பருத்திச் சட்டையே தாராளம். வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குத் தொப்பி வேண்டாம். அதன் உடல் சூடு பெருமளவு தலை வழியாகத்தான் வெளியேறுகிறது. கை கால் குளிர்ந்திருப்பதை வைத்துக் குழந்தைக்குக் குளிர்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. பிடரியிலும் நெஞ்சிலும் கை வைத்துப் பார்த்தால் சூடு சரியாகத் தெரியும். துணியில் சுற்றிப் படுக்கவைக்கும் பழக்கம் இருந்தால், குழந்தை புரள முயலத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். கழுத்துக் கயிறு, சங்கிலி, கையில் கோத்த வசம்பு மணி ஆகியவற்றைத் தூங்கும் முன் கழற்றிவிடுவது நல்லது.

தூளியும் ஸ்பிரிங் தொட்டிலும்

தூளி, ஏணை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் புடவைத் தொட்டில் ஆடாத தமிழ் வீடு அரிது. அதன் அசைவில் குழந்தை சீக்கிரம் அமைதியாகிறது. தாய்க்குக் கை ஓய்கிறது. ஆனால் துணி குழந்தையின் எடைக்கு ஏற்பக் குழிந்து, முதுகை வளைத்து, முகவாயை நெஞ்சோடு சேர்க்கிறது. இரு பக்கத் துணியும் முகத்துக்கு அருகே வருகிறது. உள்ளே குழந்தை எப்படிக் கிடக்கிறது என்பது வெளியிலிருந்து தெரிவதில்லை. கார் இருக்கையிலோ ஊஞ்சலிலோ குழந்தை தூங்கிவிட்டால் கூடிய சீக்கிரம் சமதளத்துக்கு மாற்ற வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லும் நியாயம் தூளிக்கும் அப்படியே பொருந்தும். ஆட்டித் தூங்கவைக்கலாம், தூங்கியதும் எடுத்துக் கெட்டியான சமப் படுக்கையில் மல்லாந்து கிடத்திவிட வேண்டும். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, சளியால் மூச்சு வாங்கும் குழந்தை ஆகியோரைத் தூளியில் போடாமலிருப்பதே நல்லது.

தூளி கட்டுபவர்கள் சிலவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நைந்த புடவை, வழுக்கும் நைலக்ஸ் துணி, துருப்பிடித்த கொக்கி ஆகியவை கூடாது. பெரியவர் ஒருவர் தொங்கிப் பார்த்தாலும் தாங்கும் உத்தரத்தில்தான் கட்ட வேண்டும். முகத்தின் மேல் துணி மூடாமல் விரித்து நிறுத்தும் கட்டையை எப்போதும் வைக்க வேண்டும். தூளியின் அடிப்பகுதி தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரக் கூடாது. கீழே பாயோ கம்பளியோ விரிக்க வேண்டும்.

தூளியால் தொட்டில் குழந்தைக்கு மட்டுமல்ல, அதன் அண்ணனுக்கும் அக்காவுக்கும்கூட ஆபத்து உண்டு. ஆளில்லாத நேரத்தில் தூளியில் ஏறிச் சுற்றி விளையாடும் பிள்ளைகளின் கழுத்தைப் புடவை முறுக்கி இறுக்கி உயிர் போன செய்திகள் தமிழ் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. முறுக்கு இறுகியதும் பிள்ளையால் குரல் எழுப்ப முடியாது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். பயன்படுத்தாத நேரத்தில் தூளியை அவிழ்த்து வைப்பது அல்லது பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டுவது, இந்தக் கட்டுரையின் எல்லா அறிவுரைகளிலும் மிகச் செலவில்லாதது, உடனே செய்யக்கூடியது.

ஸ்பிரிங் தொட்டிலில் ஸ்பிரிங்கும் கொக்கியும் மாதாமாதம் சோதிக்கப்பட வேண்டும். ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே நிரந்தரமாக இடைவெளி விழுந்திருந்தால் அது களைத்துவிட்டது. இரும்புச் சட்டத்தின் கால்கள் அகலமாக ஊன்றி நிற்க வேண்டும், ஆட்டும்போது எந்தக் காலும் தரையை விட்டு எழக் கூடாது. ஆடும் மரத் தொட்டிலாக இருந்தால் ஆட்டத்தை நிறுத்திப் பூட்டும் வசதி அவசியம். பூட்டாத தொட்டில் ஒரு பக்கம் சரிந்து நின்றால் குழந்தை கம்பியோரமாக உருண்டு முகம் அழுந்திக் கிடக்கும்.

பாட்டி வீட்டுப் பழைய தொட்டில்

மூன்று தலைமுறை கண்வளர்ந்த தேக்குத் தொட்டிலில் பேரனையும் போட வேண்டும் என்ற ஆசை மதிக்கத்தக்கது. தொட்டில் போடும் நாளில் குழந்தையை அதில் கிடத்திப் பாட்டுப் பாடலாம். இரவுத் தூக்கத்துக்கு அதைப் பயன்படுத்தும் முன் கம்பி இடைவெளி, மூலைக் குமிழ், மூட்டுத் தளர்ச்சி மூன்றையும் பார்க்க வேண்டும். சாயம் பூசிய பழைய தொட்டிலில் ஈயம் இருக்கலாம். பல் முளைக்கும் குழந்தை விளிம்புச் சட்டத்தைக் கடித்துச் சப்பும்; ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயிண்டை நம்ப முடியாது. அதை வீட்டிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத் தூசு வீடெங்கும் பரவும்.

தெரிந்தவர்களிடம் வாங்கும் தொட்டிலில் திருகாணிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தொலைந்த திருகாணிக்குப் பதில் கம்பியும் கயிறும் கட்டிய தொட்டில் வேண்டாம். உடைந்த தொட்டிலை வேறு யாருக்கும் கொடுக்காமல் பிரித்துப் போட்டுவிடுவது ஒரு கடமை.

எங்கே வைப்பது, எதுவரை வைப்பது?

தொட்டில் பெற்றோரின் அறையிலேயே, தாயின் கைக்கு எட்டும் தூரத்தில், தனித் தளமாக இருக்க வேண்டும். குறைந்தது முதல் ஆறு மாதங்களுக்கு இப்படி வைக்கும்படி மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். பால் கொடுக்கவும் எளிது, குழந்தையின் அசைவும் காதில் விழும். சோபாவில் குழந்தையை அணைத்தபடி பெரியவர் தூங்கிவிடுவது மிகப் பெரிய ஆபத்து. ஜன்னல் திரைக் கயிறு, சார்ஜர் வயர், கேமரா வயர் எதுவும் தொட்டிலிலிருந்து மூன்றடிக்குள் இருக்கக் கூடாது. கொசுவலையைத் தொட்டிலின் வெளிப்புறமாக இழுத்துக் கட்ட வேண்டும், உள்ளே தொய்ந்து முகத்தில் விழக் கூடாது. குழந்தை தூங்கும் அறையில் கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணிப் புகை, சிகரெட் புகை மூன்றும் வேண்டாம். சிகரெட் புகைக்கும் திடீர் சிசு மரணத்துக்கும் உள்ள தொடர்பு உறுதியாக நிறுவப்பட்டது.

தொட்டில் வாங்க வசதியில்லாத வீட்டிலும் பாதுகாப்பான படுக்கை சாத்தியமே. பின்லாந்து அரசு 1938 முதல் தாய்மார்களுக்குத் தரும் அட்டைப்பெட்டியில் குழந்தைத் துணிகளோடு அடியில் சிறு மெத்தையும் இருக்கும். அந்தப் பெட்டியே பல குழந்தைகளின் முதல் படுக்கை. நியூஸிலாந்தின் மாவோரி மக்கள், தமிழ் வீடுகளைப் போலவே, குழந்தையைத் தாயின் அருகிலேயே படுக்கவைப்பவர்கள். அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லாமல், நார் முடைபவர்களும் மருத்துவர்களும் சேர்ந்து, தாயின் படுக்கையிலேயே வைக்கக்கூடிய தட்டையான நார்க்கூடையை உருவாக்கினார்கள். தாய் பக்கத்திலேயே இருக்கிறாள், குழந்தைக்குத் தனித் தளமும் கிடைக்கிறது. தரையில் பாய் விரித்துப் படுக்கும் வீடுகளில், தாயின் பாய்க்கு ஒட்டினாற்போல் குழந்தைக்குத் தனியே ஒரு கெட்டியான சிறு படுக்கையைப் போட்டு, தலையணை, போர்வைகளைத் தள்ளி வைத்தால் இதே பாதுகாப்புக்கு நெருங்கி வரலாம்.

குழந்தை வளர வளரத் தொட்டிலும் மாற வேண்டும். உட்காரத் தொடங்கும் முன் மெத்தைத் தளத்தை இறக்க வேண்டும், நிற்பதற்குள் மிகக் கீழான நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நிலையில் தளத்திலிருந்து தடுப்பின் மேல்விளிம்பு குறைந்தது 66 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். குறுக்கே கட்டிய கிலுகிலுப்பைகளையும் தொங்கும் பொம்மைகளையும் ஐந்தாம் மாதத்திலோ, கை முழங்காலில் எழும்போதோ, எது முன்னால் வருகிறதோ அப்போதே எடுத்துவிட வேண்டும். குழந்தையின் உயரம் 89 செ.மீ.யைத் தொட்டதும், அல்லது நிற்கும்போது தடுப்பு குழந்தையின் உயரத்தில் முக்கால் பங்குக்கும் கீழாகத் தெரிந்ததும், அல்லது அதற்கு முன்பே ஏறிக் குதிக்க முயன்றதும், தொட்டிலின் காலம் முடிந்தது என்று கொண்டு தாழ்வான படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும்.

வாங்கும் முன் கடையிலேயே பார்க்க வேண்டியவை

• நான்கு பக்கமும் அசையாதவையா? இறங்கும் பக்கம் உள்ளதைத் தவிர்க்கவும்.

• குளிர்பான டப்பா கம்பிகளுக்கிடையே நுழையாமல் நிற்கிறதா?

• இரு கைகளாலும் பிடித்து உலுக்கினால் கிறீச்சிடாமல், ஆடாமல் நிற்கிறதா?

• மூலைக்கால்கள் விளிம்போடு சமமாக உள்ளனவா? சிராய், கூர்முனை, துருத்தும் ஆணி இல்லையா?

• மெத்தை கெட்டியானதா, சமதளமா, ஓரத்தில் இரண்டு விரலுக்கு மேல் இடம் விடாமல் பொருந்துகிறதா?

• மெத்தையைத் தாங்கும் பலகை நான்கு மூலையிலும் உறுதியாகப் பூட்டியிருக்கிறதா? கீழிருந்து கையால் தள்ளிப் பார்க்கவும்.

• சக்கரம் இருந்தால் பூட்டு இருக்கிறதா? ஆடும் தொட்டிலில் ஆட்டத்தை நிறுத்தும் பூட்டு இருக்கிறதா?

• பெட்டியிலோ சீட்டிலோ ஐரோப்பியத் தர எண் இஎன் 716 அல்லது அமெரிக்கத் தர எண் ஏஎஸ்டிஎம் எஃப் 1169 குறிப்பிடப்பட்டுள்ளதா?

• பூட்டும் விளக்கத் தாள், எல்லாத் திருகாணிகள், மாடல் எண், தயாரிப்புத் தேதி ஆகியவை உள்ளனவா?

வீட்டில் பூட்டி முடித்த பிறகு இந்தச் சோதனைகளை மறுபடி ஒருமுறை செய்து, அதன்பின் மாதத்துக்கு ஒரு தடவை திருகாணிகளை இறுக்கி வந்தால், வாங்கிய நாளில் இருந்த உறுதி குழந்தை தொட்டிலை விட்டு இறங்கும் நாள் வரை நிற்கும்.